ஹார்லிக்ஸ் பாட்டிலில் வருகிறவை

காலை ஆறு மணிக்கு வாசலில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு யாராவது நின்றால், என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "உங்களுக்குத்தான்." பாட்டில் மூடியில் ஆணியடித்துத் துளை போட்டிருப்பார்கள். உள்ளே ஒரு ஜீவன், கூடவே ஒரு பிடி அருகம்புல். தேளுக்கும் புல், பூரானுக்கும் புல். ஆடா மாடா என்று நான் கேட்டதில்லை. அந்தப் பயத்திலும் பட்டினி போடக்கூடாது என்று நினைக்கிறார்களே, அது போதும்.

"ஏங்ணா, இது கடிச்சா ஆள் தேறுமா?"

"எங்க இருந்துச்சு?"

"அது கெடக்குது. இது என்னன்னு சொல்லுங்க."

"எங்க இருந்துச்சுன்னு நீ சொல்லு சாமி, என்னன்னு நான் சொல்றேன்."

இந்தப் பேச்சு கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு வாசலில் முப்பது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. நான் தெரியாமல் மழுப்புகிறேன் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் குளியலறைச் சுவரின் மேல்மூலையா, வேப்பமரப் பட்டையா, புரட்டிய கல்லுக்கு அடியா, நாயின் காது மடலா என்று தெரிந்துவிட்டால் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

நான் படித்த ஆள் இல்லை. சேலத்தில் ஓர் அரசுக் கல்லூரியின் விலங்கியல் துறையில் 1984-ல் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன், 2019-ல் ஓய்வு. சேர்ந்த காலத்தில் என் முக்கிய வேலை, செய்முறைத் தேர்வுக்குத் தவளையும் கரப்பான் பூச்சியும் தேற்றிக்கொண்டு வருவது. 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு அறுவைப் பாடத்தை நிறுத்தச் சொன்னபோது, சேலத்துத் தவளைகள் சார்பில் நானும் கொஞ்சம் பெருமூச்சு விட்டேன். எங்கள் துறையில் ஒரு பேராசிரியை இருந்தார். பிள்ளைகளுக்கு மேடம், எனக்கு அம்மா. முதலாண்டு வகுப்பை அவர் எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்: "எட்டுக்கால் பூச்சி, பூச்சி இல்லை." பிள்ளைகள் சிரிக்கும். பிறகு விளக்குவார். பூச்சிக்கு ஆறு கால், மூன்று பாகமாக உடம்பு. சிலந்திக்கு எட்டுக் கால், இரண்டே பாகம். மீசை கிடையாது, இறக்கை கிடையாது. தேள், உண்ணி எல்லாம் சிலந்தியின் பங்காளிகள். பூரானும் மரவட்டையும் வேறு குடும்பம். நண்டு இன்னொரு குடும்பம். எல்லாமே கால்களில் கணு உள்ளவை.

பீரோக்களைத் துடைத்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கைலென்ஸும், ஓவியக்காரர்கள் வைத்திருக்கிற பூஜ்யம் நம்பர் பிரஷ் ஒன்றும் கொடுத்தார். பிரஷ் எதற்கு என்றால், சிலந்தியை இடுக்கியால் பிடித்தால் காலை உதறிவிட்டுப் போய்விடும். ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். ஸ்பிரிட் 70 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கு ஒரு ரெஜிஸ்டர், சொட்டுக் கணக்கு. அந்த ரெஜிஸ்டரை என் கையில் ஒப்படைத்ததுதான் கல்லூரி எனக்குச் செய்த பெரிய மரியாதை.

அம்மா சொல்லிக்கொடுத்ததில் முதல் பாடம் லேபிள். பென்சிலில் எழுத வேண்டும், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து ஓடிவிடும். சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளேயே போட வேண்டும். முதல் வரியில் இடம், அடுத்து தேதி, அடுத்து எடுத்தவர் பெயர். உயிரியின் பெயர் கடைசியில்தான், அதுவும் வேறு சீட்டில். "பேரு தப்பா இருந்தா நாளைக்கு ஒருத்தன் திருத்துவான். இடம் இல்லைன்னா எவனாலயும் திருத்த முடியாது" என்பார். அது எவ்வளவு உண்மை என்பது ஒரு கோடை விடுமுறையில் தெரிந்தது. வெள்ளையடிக்க அறையைக் காலி செய்தவர்கள், நாற்பது பாட்டில்களில் இருந்ததை ஸ்பிரிட்டோடு ஒரே வாளியில் கொட்டி வைத்திருந்தார்கள். சிலந்திகள் எல்லாம் கெடாமல் இருந்தன. சீட்டுகளும் இருந்தன. எது எதனுடையது என்றுதான் தெரியவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்துப்போய் வேப்பமரத்தடியில் புதைக்கச் சொன்னார்.

கால் எண்ணுகிற பாடத்துக்கும் ஆரம்பத்திலேயே அடி விழுந்தது. வளாகத்து மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு ஒன்று இருந்தது. ஒரு மாணவன் அதிலிருந்து செவ்வெறும்புகளைப் பிடித்து வந்து வெள்ளைத் தட்டில் விட்டான். எல்லாம் ஓடின. ஒன்று மட்டும் மேசை விளிம்புக்கு வந்து, குதித்து, நூலில் தொங்கியது.

எறும்பு நூல் விடுமா?

லென்ஸில் பார்த்தோம். அதே நிறம், அதே மெலிந்த இடுப்பு, அதே ஓட்டம். முன்னங்கால் இரண்டைத் தூக்கி மீசைபோல் ஆட்டிக்கொண்டிருந்தது. எண்ணினால் எட்டு. எறும்பு வேஷம் போடுகிற குதிக்கும் சிலந்தி அது. முசுறு எறும்பைக் கண்டால் பறவையும் குளவியும் ஒதுங்கும் என்பதால் அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. ஆண் சிலந்திக்கு முகத்துக்கு முன்னால் கடிவாய் நீண்டு, ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போவதுபோலவே இருக்கும். இதில் பார்க்க வேண்டியது அது நின்ற இடம். எறும்புக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் நடுவில் வராது. ஒரு சாண் தள்ளி, தனியாக, யாரும் மேலே மோதாமல் பார்த்துக்கொண்டு திரியும்.

கால் எண்ணிக்கை இன்னும் பல விதத்தில் ஏமாற்றும். உண்ணியின் குஞ்சுக்கு ஆறு கால்தான். வளர்ந்த பிறகுதான் எட்டு. வறண்ட கரட்டில் கோடை இரவில் விளக்கடிக்கு ஓடிவருகிற ஒட்டகச் சிலந்திக்குப் பத்துக் கால் தெரியும். முன்னால் இருக்கிற ஒரு ஜோடி, கால் இல்லை, துழாவுகிற கை. அதன் கடிவாய் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. பார்த்தாலே நடுங்கும்படி இருக்கும். விஷம் கிடையாது. பழைய ரெக்கார்ட் நோட்டுக் கட்டைப் பிரித்தால் எள்ளளவில் ஒரு தேள் பின்பக்கமாக நகரும். இடுக்கி இருக்கும், வால் இருக்காது. அது புத்தகத் தேள். தாளை அரிக்கிற பேனைத் தின்கிறது. கொட்டுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. ரெக்கார்ட் நோட்டுகளை எரிக்கச் சொல்லி உத்தரவு வரும்போதெல்லாம், நான் கட்டுகளை ஒரு முறை உதறிவிட்டுத்தான் எரிப்பேன்.

சிலந்தியில் குடும்பம் கண்டுபிடிக்கக் கண்ணைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண். அவை முகத்தில் உட்கார்ந்திருக்கிற வரிசைதான் ஜாதகக் கட்டம். முன்னால் இரண்டு, கார் ஹெட்லைட்போல் பெரிதாக இருந்தால் குதிக்கும் சிலந்தி. கீழே நான்கு சின்னது, மேலே இரண்டு பெரியது, பின்னால் இரண்டு என்றால் ஓநாய்ச் சிலந்தி. இரவில் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால், புல்லில் பச்சைப் பொறியாக மின்னுவது பனித்துளி என்று நினைப்பீர்கள். கிட்டே போனால் பொறி ஓடும். அது ஓநாய்ச் சிலந்தியின் கண். இனம் வரை போவது வேறு வேலை. அதற்கு முழு வளர்ச்சி அடைந்த ஆணோ பெண்ணோ வேண்டும். இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆணை வெறும் கண்ணாலேயே அடையாளம் தெரியும், முகத்துக்கு முன்னால் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியதுபோல் இருக்கும். உலகத்தில் பெயர் வைத்த சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-ல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. செல்போனில் மங்கலான படம் அனுப்பி "இது என்ன சிலந்திங்ணா" என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வது. குடும்பம் சொல்கிறேன், அதற்கு மேல் கேட்காதே.

ஊருக்குள் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். கூரை மூலையில் ஒழுங்கில்லாத வலையில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடம்பையே கிறுகிறுவென்று ஆட்டுகிறது என்றால் அது நெடுங்கால் வீட்டுச் சிலந்தி. கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு, கால்களை நண்டுபோல் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் பத்து ரூபாய் நாணயம்போல் முட்டைப் பை ஒன்றைப் பிடித்திருந்தால் அது கரப்பான் தின்ன வந்த ஆள். வேப்பமரத்தில் பட்டையோடு பட்டையாக ஒட்டி, பின்னால் இரண்டு வால் நீட்டியிருப்பது ஹெர்சிலியா. எறும்பு வந்தால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடியே நூலால் கட்டிப்போடும். கருவேல முள் வேலியில் அழுக்குத் துணி சுருட்டி வைத்ததுபோல் தெரிவது கூட்டுச் சிலந்தியின் வீடு. ஒரே கூட்டில் பல டஜன் பேர் ஒற்றுமையாக இருப்பார்கள். குஞ்சு வளர்ந்ததும் தாய் தன் உடம்பையே தின்னக் கொடுத்துவிடும். இதை ஒரு முறை டீக்கடையில் சொன்னேன். ஒரு பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு, "நம்ம ஊட்லயும் அதேதானுங்களே" என்றார்.

சிலந்திக்கடி என்று வருகிற கேஸ்களில் பெரும்பாலானதில் சிலந்தியே இருக்காது. தமிழில் சிலந்தி என்றால் கட்டிக்கும் பெயர். நரம்புச் சிலந்தி என்று பழைய ஆட்கள் சொன்னது, குளத்துத் தண்ணீரோடு உடம்புக்குள் போய்க் காலில் புண்ணாக வெளிவருகிற புழு. 2000-ல் அது இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. பெயர்க் குழப்பம் மட்டும் ஒழியவில்லை. இடுப்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் வரிசை கட்டினால் "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டுருச்சு" என்பார்கள். அது அக்கி. சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்பில் தூங்கிக் கிடந்து எழுவது. சிலந்தி பாவம், பரணில் இருக்கிறது.

தேள் விஷயத்தில் நான் இவ்வளவு சாதாரணமாகப் பேசமாட்டேன்.

எங்கள் ஊர் சேர்வராயன் மலையின் காலடி. ஏற்காடு ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கல்லும் கரடும்தான். தொண்ணூறுகளிலிருந்து சைட் போடத் தொடங்கினார்கள். ஜேசிபி கல்லைப் புரட்டப் புரட்ட, கல்லுக்கு அடியில் காலங்காலமாகக் குடியிருந்தவை புது வீடுகளுக்குள் வந்தன. இங்கே முக்கியமாக இரண்டு தெரிந்தால் போதும். ஒன்று நட்டுவாக்காலி: கருநீலமாக, சாண் நீளத்துக்குக்கூட வளரும், நண்டுபோல் தடித்த இடுக்கி, அதற்குப் பொருந்தாத மெலிந்த வால். வலிக்கும், உயிருக்கு அநேகமாக ஆபத்தில்லை. இன்னொன்று செந்தேள்: விரல் நீளம், காவி நிறம், குச்சிபோல் இடுக்கி, தடித்த வால். எதை நம்பிப் பிழைக்கிறதோ அது தடித்திருக்கும் என்பது அம்மாவின் கணக்கு. இடுக்கியை நம்புகிறவனுக்கு விஷம் தேவையில்லை. அந்தச் செந்தேளின் அறிவியல் பெயரில் நம் பெயர் இருக்கிறது. 1798-ல் டென்மார்க்கின் ஃபாப்ரீஷியஸ் அதற்கு 'டாமுலஸ்' என்று பெயர் வைத்தார். பேரினப் பெயர் பலமுறை மாறி இப்போது ஹாட்டென்டோட்டா. டாமுலஸ் மட்டும் மாறாமல் நிற்கிறது. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. இந்தியாவில் அதிக ஆபத்தான தேள் அதுதான்.

செல்போன் வந்த புதிதில் ஒரு இரவு போன் வந்தது. புது சைட் பக்கம், எட்டு வயதுப் பையனைத் தேள் கொட்டிவிட்டது. "கறுப்புங்ணா, பெருசு" என்றார் அப்பா. நட்டுவாக்காலிதான், பயப்படாதீங்க, வலி காலையில் அடங்கிடும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அரை மணி நேரம் கழித்து அவர் தம்பி பேப்பரில் சுருட்டிக்கொண்டு வந்தார். விளக்கடியில் விரித்தால் விரல் நீளம், காவி நிறம், குச்சி இடுக்கி. குண்டு பல்ப் வெளிச்சத்தில் எல்லாம் கறுப்பு, பயத்தில் எல்லாம் பெரிசு. ஓடினேன். பையன் சட்டை பிழியலாம்போல் வியர்வை, வாந்தி, உள்ளங்கை ஐஸ். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரி போனோம்.

பையன் பிழைத்தான். இப்போது லாரி ஓட்டுகிறான், வழியில் பார்த்தால் ஹாரன் அடிப்பான். அவனைக் காப்பாற்றிய வைத்தியத்தைப் பற்றிப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிறு ஊரில் பாவஸ்கர் என்ற மருத்துவர், செந்தேள் கொட்டியவர்கள் இதயம் தளர்ந்து சாவதைப் பார்த்து, இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற பிரசோசின் மாத்திரையை 1980-களில் கொடுத்துப் பார்த்தார். சாவு பல மடங்கு குறைந்தது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த மாத்திரைக்குத் தேவை நேரம். நான் அதில் அரை மணியைத் தின்றுவிட்டேன். அன்றிலிருந்து கொட்டுப்பட்டவர் இருக்கிற வீட்டுக்கு நான் பெயர் சொல்வதில்லை. முதலில் ஆஸ்பத்திரி, பாட்டில் பிறகு வரட்டும்.

கல்லுக்கட்டும் விறகும் உள்ள வீட்டுக்காரர்களிடம் நான் வாங்கச் சொல்வது, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா லைட். தேளின் தோல் அந்த வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். தோலுரித்த புதிதில் மட்டும் மின்னாது. முதல்முறை அதை அடித்துக்கொண்டு ஓர் இரவு என் வீட்டு மதில் ஓரம் நடந்தேன். ஏழு பச்சை விளக்கு. வீட்டுக்காரியிடம் இரண்டு என்று சொன்னேன்.

பூரானைப் பற்றி ஊருக்குள் தேளைவிட அதிகக் கதை. காதுக்குள் போகும், மூளையைத் தின்னும், நூறு கால். நூறு கால் அதற்கு வாய்ப்பே இல்லை. ஒரு கணுவுக்கு ஒரு ஜோடி, ஜோடிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. நம் வீட்டுக்கு வருகிற பெரிய பூரானுக்கு, செய்யான் என்கிறோமே அதற்கு, 21 ஜோடி. சுவரில் ஒட்டடைபோல் ஓடுகிற நீளக்கால் பூரானுக்கு 15. மண்ணுக்குள் இருக்கிற நூல் பூரானுக்கு 27-லிருந்து 191 வரை போகும், அதிலும் ஒற்றைப்படைதான். ஐம்பது ஜோடி அமைந்தால்தானே நூறு கால்? ஐம்பது இரட்டைப்படை. தலைக்குப் பின்னால் முதல் ஜோடிக் கால்தான் நச்சுக் கொக்கியாக மாறியிருக்கிறது. ஆக பூரான் கடிப்பது வாயால் இல்லை, காலால். தூக்கி எறியும் முன் ஒரு தடவை பாருங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரு முறை தொட்டிச் செடியை நகர்த்தினேன். அடியில் செய்யான் ஒன்று சுருண்டு, நடுவில் மஞ்சள் முட்டைகளை அணைத்துக்கொண்டு கிடந்தது. தொட்டியை வைத்துவிட்டு மூன்று வாரம் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. செடி செத்துப் போய் வீட்டில் திட்டு வாங்கினேன்.

மரவட்டைக்கு ஒரு கணுவில் இரண்டு ஜோடி. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். பூரான் வேட்டைக்காரன், மரவட்டை இலைச்சருகு தின்கிற பண்டாரம். தொட்டால் சுருளும், கையில் பழுப்புக் கறை விடும். கையைக் கழுவிக்கொண்டு கண்ணைத் தொடுங்கள், போதும்.

ஆடி ஆவணியில் முதல் நல்ல மழைக்கு மறுநாள், செம்மண் காட்டில் தம்பலப்பூச்சி வரும். இரத்தச் சிவப்பு வெல்வெட். சங்கப் பாட்டில் மூதாய் என்று வருவது இதுதான் என்று தமிழ்த்துறை ஐயா ஒருவர் சொன்னார். பிள்ளைகள் தீப்பெட்டியில் போட்டு வளர்க்கும். இதற்கும் எட்டுக் கால். பெரிய சைஸ் சிலந்திப்பேன் இது. இதன் ஒன்றுவிட்ட உறவுதான் கண்ணுக்குத் தெரியாத சிகர். குஞ்சுப் பருவத்தில், ஆறு காலோடு, புதரில் காத்திருந்து ஆள்மேல் ஏறிக் கடிக்கும். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைக் கொண்டுவரும். ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி காய்ச்சலோடு வந்து, இடுப்பில் "உண்ணி கடிச்ச எடம்" என்று காட்டினாள். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, வலியே இல்லை என்றாள். எந்தச் செடிப் பக்கம் உட்கார்ந்தாய் என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டு, "டாக்டர்கிட்ட காய்ச்சலை மட்டும் சொல்லாத, இந்தப் பொருக்கையும் காட்டு" என்று அனுப்பினேன்.

இனி சொல்லப்போவது, எங்கே இருந்தது என்று நான் கேட்பதைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்த கதை.

அம்மா ஒரு விடுமுறைக்குப் பிறகு கெட்டியான ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். போகாக் என்ற இங்கிலாந்துக்காரர் 1900-ல் எழுதிய இந்தியச் சிலந்தி, தேள் நூல். ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்து, "படி" என்றார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். சேலம் என்று இருந்தது. பக்கத்தில் கடியம்பட்டி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காடையாம்பட்டியாகத்தான் இருக்கும் என்றார். மரப்பொந்தில் வாழ்கிற, கை அகல ரோமச் சிலந்தி, பொய்சிலோதீரியா பேரினம், இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதில் ஃபார்மோசா என்ற இனத்துக்கு 1899-ல் போகாக் பெயர் வைத்தார். அதே வருஷம் அவர் பெயர் வைத்த இன்னொன்றின் கதையை அம்மா ரசித்துச் சொல்வார். ஆந்திரத்துக் கூட்டி ரயில் நிலையத்து விறகுக் குவியலில் ஒரே ஒரு நீலச் சிலந்தி கிடைத்தது. லேபிளில் கூட்டி என்று எழுதிவிட்டார்கள். பிறகு நூறு வருஷம் யாருக்கும் அது கிடைக்கவில்லை. 2001-ல் கிடைத்தபோது நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில், நூறு கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் இருந்தது. விறகோடு ரயிலேறி வந்ததை ஊர்க்காரன் என்று எழுதிவிட்டார்கள். "லேபிள்ல பொய் இல்லை. ஆனா உண்மையும் இல்லை" என்று அம்மா சிரிப்பார்.

எங்கள் சிலந்தியைத் தேடிப் பல வருஷம் சுற்றினேன். ஒரு மாசி மாதம், அடிவாரத்தில் பழைய புளியமரம் ஒன்றின் பொந்தில், இரவு ஒன்பது மணிக்கு, இரண்டு கால் நுனி வெளியே தெரிந்தது. சாம்பலும் கறுப்புமாகப் பட்டை. டார்ச் பட்டதும் உள்ளே போய்விட்டது. மறுநாளும் போனேன். பதினொரு நாள் போனேன். ஒரு நாள் முழுதாக வெளியே வந்து பட்டையில் அப்பிக்கொண்டு நின்றது. முன்னங்காலைத் தூக்கி மிரட்டியபோது அடியில் எலுமிச்சை மஞ்சள். பொய்சிலோதீரியா, சந்தேகமில்லை. ஃபார்மோசாவா, அரக்கோணம் பக்கமிருந்து பெயர் வாங்கிய ரெகாலிஸா? ரெகாலிஸ் என்றால் வயிற்றின் அடியில் குறுக்கே ஒரு வெளிர்ப் பட்டை இருக்கும். வயிற்றை அது எனக்குக் காட்டவே இல்லை. பிடித்துப் புரட்டிப் பார்க்க என் கையில் பிரஷ்தான் இருந்தது.

அந்த வருஷமே ஒரு ஆள் வந்தார். ஆராய்ச்சி என்றார், தமிழ் தெரிந்தவர், பையில் நல்ல கேமரா. என்னைவிடச் சிலந்தி அதிகம் தெரிந்திருந்தது. அப்படி ஒருவரிடம் பேசி எனக்கு எத்தனை நாளாயிற்று! லேப் அட்டெண்டரை ஒருவர் சார் என்று கூப்பிட்டதும் தலை கால் புரியவில்லை. அவர் கேட்டது நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்: "எங்க இருந்துச்சு சார்?"

சொன்னேன். ரோட்டிலிருந்து எத்தனையாவது மரம், எந்தப் பக்கப் பொந்து, எத்தனை மணிக்கு வரும், எல்லாம். லேபிள் எழுதுகிற ஒழுங்கில் சொன்னேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது பொந்தின் வாயைக் கடப்பாரையால் பிளந்திருந்தார்கள். உள்ளே பஞ்சுபோல் பழைய நூல், உரித்த தோல் ஒன்று. பக்கத்து மரங்களிலும் பட்டை பெயர்ந்து கிடந்தது. வெளிநாட்டில் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள், சேலம் ஆர்னமென்டல் என்றே அங்கே பெயர், விலைக்குப் போகிறது என்று அம்மா பிறகு இணையத்தில் பார்த்துச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. 2019-ல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு இந்தப் பேரினம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நான் ஓய்வு பெற்ற வருஷம். பேப்பரில் மூலையில் வந்திருந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். அந்த உரித்த தோலும் பாட்டிலில் இருக்கிறது, லேபிள் இல்லாமல். எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியில் பென்சில் நின்றுவிடும்.

போன கார்த்திகையில், எதிர்வீட்டுப் பேத்தி, ஒன்பதாவது படிக்கிறாள், ஒரு இரவு வந்து மூச்சிரைக்க நின்றாள். பாட்டில் கொண்டுவரவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது.

"தாத்தா, ஒரு மரத்துல. கையளவு. ரெண்டு கால் மட்டும் தெரிஞ்சுது."

"எங்க?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டார்ச்சுக்குச் சிவப்பு ஜெலட்டின் தாள் சுற்றிக்கொண்டோம். அரை மணி நேரம் கொசுக்கடியில் நின்றோம். முதலில் ஒரு கால் நுனி, பிறகு இன்னொன்று. பட்டை பட்டையாக. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு என் சட்டையைப் பிடித்திருந்தாள். அன்றைக்கும் வயிறு தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து என் பழைய நோட்டைக் கொடுத்து அவளையே எழுதச் சொன்னேன். பென்சிலைக் கூர் சீவிக்கொண்டாள்.

"இடம் என்ன எழுதட்டும் தாத்தா?"

"சேலம் மாவட்டம்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அடுத்த வரி தேதி."

"என்கிட்ட மட்டும் எந்த மரம், எந்தப் பொந்துன்னு அத்தனை தடவை கேட்டீங்க?"

தேதி சொன்னேன். எழுதினாள். மணி கேட்டாள், ஒன்பதரை என்றேன். எழுதினாள். பிறகு முதல் வரிக்கே திரும்பிப் போய், சேலம் மாவட்டம் என்பதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, "இது எனக்குத் தெரியும்" என்றாள்.